உறவுமுறை என்று ஒரு கட்டம்

ஊரை விட்டு வந்து பிழைக்கிற நம்மில் பலருடைய செல்போனில் இப்போது 'பீரோ' நம்பர் ஒன்று கட்டாயம் இருக்கும். மும்பை, புனே பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இது துணி அடுக்குகிற பீரோ இல்லை :-) வீட்டில் படுத்திருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி. வருகிற பெண்ணின் பெயர் என்னவாக இருந்தாலும் இங்கே அவர் 'மாவ்ஷி'தான். மராத்தியில் அம்மாவின் சகோதரி என்று அர்த்தம். பெங்களூரில் இவரையே 'ஹோம் நர்ஸ்' என்பார்கள், கல்கத்தாவில் 'ஆயா'.

இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது. தங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட முதியவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்றோ திருநங்கை என்றோ தெரியவரும்போது இந்தப் பணியாளர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். காபியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

'இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?' என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு. 1948-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மனம் இன்னொரு ஆணை நாடியது என்றால், 2018 செப்டம்பர் வரை அவருடைய அந்தரங்க வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் இந்தியச் சட்டப்படி குற்றம். இடையில் ஒரு நாலரை வருஷம் மட்டும் மூச்சு விட்டிருக்கலாம் (அதைக் கீழே சொல்கிறேன்). சட்டம் அவரை விட்டபோது அவருக்கு 70 வயது. அதாவது, இன்று படுக்கையில் இருக்கிற தலைமுறை ஆயுள் முழுக்க மறைத்தே பழகிய தலைமுறை. நம் குடும்பங்களிலும் கல்யாணமே செய்துகொள்ளாத பெரியப்பா ஒருவர், 'கூடப் படிச்ச சிநேகிதி'யோடு முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த அத்தை ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். எல்லாருமே அப்படி என்று நான் சொல்லவில்லை. யாருமே அப்படி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

ஊரிடம் மறைக்கலாம், சொந்தக்காரர்களிடம் மறைக்கலாம். தினமும் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, தலையணைக்கடியில் இருக்கும் போட்டோவை எடுத்துத் துடைத்து வைக்கிறவரிடம் மறைக்க முடியாது. திருநங்கைகளுக்கு உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இந்தப் பணியாளர்களின் மனப்பான்மை முக்கியம். மற்றவர்களின் வெறுப்பிலிருந்து விலகிப் போகலாம். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர், தன்னைப் புரட்டிப் போடுகிறவரின் வெறுப்பிலிருந்து எங்கே போவார்?

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

பிள்ளை குட்டி இல்லாதவர்களின் வயோதிகத்துக்கு இந்தியாவில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ஹிஜ்ரா சமூகத்தின் குரு - சேலா முறை. சேலா என்றால் சிஷ்யை. சம்பாத்தியத்தில் பங்கு குருவுக்கு. குரு முடியாமல் படுத்தால் பார்த்துக்கொள்வது சேலாக்களின் கடமை. குருவின் சொத்து பிறகு சேலாவுக்கு. தமிழ்நாட்டுத் திருநங்கைகளிடமும் மடி கட்டி மகளாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்த முறைக்குள் சுரண்டலும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் வயதான காலத்தில் ஒரு வாய் கஞ்சிக்கு உத்தரவாதம் அதில்தான் இருந்தது.

மராட்டிய ஆட்சிப் பகுதிகளில் ஹிஜ்ராக்கள் சிலருக்கு இனாம் நிலமும், ஊரில் சிறு வசூல் செய்துகொள்ளும் உரிமையும் இருந்தன. அவை குருவிடமிருந்து சேலாவுக்குப் போகும். இப்போதைய கணக்கில் குடும்பப் பென்ஷன் மாதிரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் மாகாண அரசு இந்த உரிமைகளை அப்படிக் கைமாற விடாமல் நிறுத்தியது.

அடுத்த அடி வடக்கே விழுந்தது. 1871-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் நமக்குக் கள்ளர், மறவர் நினைவுக்கு வருவார்கள். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி ஹிஜ்ராக்களுக்கானது என்பது பலருக்குத் தெரியாது. முக்கியமாக வடமேற்கு மாகாணங்களில் (இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி) இது அமலானது. போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பொது இடத்தில் பெண் உடையில் வரக்கூடாது, ஆடக்கூடாது, பாடக்கூடாது. இதன் 29-வது பிரிவைப் பாருங்கள். பதிவானவர் எந்தச் சிறுவருக்கும் காப்பாளராக இருக்க முடியாது. தானம் கொடுக்க முடியாது. உயில் எழுத முடியாது. மகனைத் தத்தெடுக்க முடியாது.

இந்த நாலையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? முதுமையில் ஒருவரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு பாத்திரத்தைக்கூட எழுதி வைக்க முடியாது. 1911-ல் வந்த புதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இந்தப் பகுதி இல்லை. ஆனால் நாற்பது வருஷத்தில் 'இவர்கள் போலீஸ் விவகாரம்' என்ற எண்ணம் ஊருக்குள் நன்றாகவே ஊறிவிட்டது.

இதற்கு முன்பே, 1860-ல் இயற்றி 1862 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு 'இயற்கைக்கு விரோதமான' உறவைக் குற்றமாக்கியிருந்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம்.

இதே காலத்தில்தான் இந்தியாவில் நவீன முதியோர் இல்லங்களும் வருகின்றன. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவியர் 1882-ல் கல்கத்தாவில் இல்லம் தொடங்கினார்கள். அப்புறம் பல ஊர்களில் பல மதத்தாரும் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட முதியவர்களுக்கு அவர்கள் செய்த தொண்டு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இல்லங்களின் அமைப்பைக் கவனியுங்கள். ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி, வசதி இருந்தால் தம்பதியருக்கு ஓர் அறை. இன்றைக்கும் பெரும்பாலான இல்லங்களில் இதுதான் அமைப்பு. ஒரு திருநங்கை எந்தப் பக்கம் போவார்? ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களுக்குத் தம்பதியர் அறை கிடைக்குமா? கட்டடமே பதில் சொல்லிவிடுகிறது. அங்கே வேலை பார்க்கிறவர் தனியாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவப் படிப்பும் கைகொடுக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் எடுத்தது. நம் மருத்துவ மாணவர்களோ தடயவியல் மருத்துவப் பாடத்தில் அதை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்தப் பாடங்களைப் பற்றிக் கேள்வி கேட்ட பிறகுதான் தேசிய மருத்துவ ஆணையம் அசைந்தது. தன்பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் அறிவித்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பழைய வரிகள் மறுபடி எட்டிப் பார்த்தன. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் தொடக்கத்தில் அதை வாபஸ் வாங்கினார்கள். டாக்டருக்கே இந்தப் பாடம் என்றால், டாக்டரிடமிருந்து நர்ஸுக்கும், நர்ஸிடமிருந்து ஆயாவுக்கும் இறங்கி வருவது என்னவாக இருக்கும்?

நம் அரசு முதுமையைத் தனிப் பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கியது தாமதமாகத்தான். ஹெல்ப்ஏஜ் இந்தியா தொண்டு நிறுவனம் 1978-ல் தொடங்கியது. முதியோருக்கான தேசியக் கொள்கை 1999-ல் வந்தது. 2000-ல் டெல்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளைத் தொடங்கியது. 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. சோறு போடாத பிள்ளைமேல் பெற்றோர் வழக்குப் போடலாம் என்று பேப்பரில் பெரிதாக வந்ததே, அதேதான். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்றும் அதில் உண்டு.

அந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. பிள்ளை இல்லாதவருக்கு 'உறவினர்' என்றால், அவருடைய சொத்தை வைத்திருக்கிற அல்லது அவருக்குப் பின் அடையப்போகிற சட்டப்படியான வாரிசு. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த துணைக்கு இதில் எங்கே இடம்? 2019-ல் திருநர்களுக்கென்றே வந்த சட்டமும் குடும்பம் என்பதை ரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து என்றுதான் விளக்கியது. குருவும் சேலாவும் அந்த விளக்கத்துக்கு வெளியே நின்றார்கள். 1871 சட்டம் அந்த உறவை வெளிப்படையாகத் தடுத்தது. 2019 சட்டம் அதைப் பார்க்காமல் கடந்து போனது.

இத்தனை சரித்திரமும் வந்து முடிகிற இடம் அட்மிஷன் ஃபாரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கட்டம். 'நோயாளிக்கு என்ன உறவு?'

2019-ல் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுத்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த மாவ்ஷி, சதாரா பக்கத்துக் கிராமத்துக்காரர், தன் பழைய வேலையைப் பற்றி ஒருநாள் சொன்னார். வயதான இரண்டு ஆண்கள் இருந்த வீடு. ஒருவர் படுக்கையில். பீரோவில் "அண்ணன் தம்பி" என்று சொல்லி அனுப்பினார்களாம். "ஒருத்தர் குஜராத்தி, இன்னொருத்தர் மலையாளி. எப்படி பாவ், அண்ணன் தம்பி?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். விஷயம் புரிந்ததும் முதல் ஒரு மாதம் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டப்பா கொண்டுபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரித்ததையும் அவரே சொன்னார். வேலையை விடவில்லை, ஏனென்றால் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. "ராத்திரி அவருக்கு மூச்சு இழுத்தா, மலையாளி எனக்கு முன்னாடி எழுந்து முதுகைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் எனக்கு ஒருநாள் செய்ததில்லை."

நாலாவது வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உறவுமுறை கட்டத்தில் மலையாளி 'நண்பர்' என்று எழுதினார். ரத்த சம்பந்தமாக யாராவது வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அண்ணன் மகன் வந்து சேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஐசியூவுக்குள் போகும் பாஸ் பணியாளர் என்ற முறையில் மாவ்ஷியிடம் இருந்தது. நாற்பது வருஷம் கூட இருந்தவர் வெளியே நாற்காலியில் இருந்தார். "நான் என் பாஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்துட்டேன். செக்யூரிட்டி கேட்டா, என் மூத்த அண்ணன்னு சொல்லுவேன்னு நினைச்சுக்கிட்டேன்."

இந்தக் கதையில் ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் கையில் இருந்த விதி அப்படி. 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள், அறுவை சிகிச்சைக்கு யாரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்குவது என்பதைச் சொல்கின்றன. கணவன் அல்லது மனைவி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளியே. 'நண்பர்' கிடையாது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. படிக்கட்டில் டப்பா சாப்பிட்டவரும் பாஸைக் கழற்றிக் கொடுத்தவரும் ஒரே பெண்தான். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, எந்தத் தீர்ப்பையும் அவர் படிக்கவில்லை. நாலு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் மூன்று வாரத்தில் பீரோ ஆளை மாற்றியிருந்தால்? படிக்கட்டு மாவ்ஷியோடு கதை முடிந்திருக்கும். ஒரு முதியவரின் கடைசி நாட்கள் இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா?

பெரிய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐ வயதுவந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்றது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. (மேலே சொன்ன நாலரை வருஷம் இதுதான்.) 2014 ஏப்ரல் 15-ல் நல்சா வழக்கில் திருநர்களை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 377-ஐ அந்த அளவுக்கு ரத்து செய்தது. 2023 அக்டோபர் 17-ல் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது, ஆனால் அன்றாடச் சிக்கல்களை ஆராய அரசு ஒரு குழு அமைக்கும் என்பதைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2024 ஆகஸ்டில் சில சுற்றறிக்கைகள் வந்தன. தன்பாலினத் துணையோடு கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணை பெற்றுக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் உட்கார வழி சொல்வதற்கு முன், போன பிறகு எடுத்துக்கொண்டு போக வழி பிறந்திருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று சொன்னது. நம்ம ஊர் கோர்ட் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பணியாளர்களின் மனப்பான்மையை அரசே பொறுப்பெடுத்துக் கையாண்ட நாடு எது என்று தேடினால் ஆஸ்திரேலியா கிடைக்கிறது. அங்கும் சரித்திரம் ஒன்றும் இனிப்பானதில்லை. தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து முதலில் எடுத்த மாநிலம் தெற்கு ஆஸ்திரேலியா, 1975-ல். கடைசி மாநிலம் டாஸ்மேனியா, 1997-ல். அதனால் அங்கே இல்லத்துக்கு வரும் முதியவரும் பயந்து வளர்ந்தவர்தான். பராமரிப்பாளர் வருகிறார் என்றால் சுவரிலிருந்து போட்டோவை எடுத்து ஒளித்து வைப்பவர்கள் உண்டு. 2012-ல் அந்த அரசு இந்த முதியோருக்கென்று ஒரு தேசியத் திட்டம் அறிவித்தது. இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. 2013-ல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைத் திருத்தியபோது, மத்திய அரசு நிதி பெறும் முதியோர் பராமரிப்பில் மத அமைப்புகளுக்கும் விலக்கு இல்லை என்றார்கள். 'உன் மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், வேலையில் இதைச் செய், இதைச் செய்யாதே' என்பதுதான் இதன் சாரம். நம் ஊரிலிருந்து அங்கே போய் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் பெண்களும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான் வேலை பார்க்கிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இங்கும் சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பாலின ஈர்ப்பின் பெயரால் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று எழுத்திலேயே சொல்கிறது. தனக்காகப் பேசும் பிரதிநிதியாக எந்த வயதுவந்தவரையும் நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. டிமென்ஷியா மாதிரி மனநலச் சிகிச்சை தேவைப்படும் முதியோருக்கு இது பெரிய விஷயம். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். உயில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வங்கி நாமினியை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் இருக்கிறது. பீரோவுக்குப் போன் செய்யும்போது மராத்தி தெரியுமா, சமையல் தெரியுமா, இன்சுலின் போடத் தெரியுமா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். பதினோராவதாக, "எங்கள் பெரியப்பாவும் அவர் சிநேகிதரும் ஒரே அறையில் இருப்பார்கள், அவர்களை மரியாதையாக நடத்துகிற ஆள் வேண்டும்" என்று சொல்லலாம். வாடிக்கையாளர் வாயிலிருந்து நாலு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை பீரோக்காரரே புது ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவார். மாவ்ஷியையும் மனுஷியாக நடத்த வேண்டும் என்பது இதோடு சேர்ந்தது. 12 மணி நேரம் நின்றபடி வேலை வாங்கி, தனி டம்ளரில் டீ கொடுக்கிற வீட்டில், அவர் மட்டும் விசாலமான மனசோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன யோக்கியதை?

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கல்யாணமாகாத அந்தப் பெரியப்பாவிடமோ அத்தையிடமோ ஒன்று கேளுங்கள். யார், என்ன என்று துருவ வேண்டாம். "உடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரியில் இருந்தா, பக்கத்தில் யார் இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை, போன் நம்பரோடு, குடும்பத்தில் நாலு பேருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.